அதே பறவைதானா?

ஐப்பசி மழையை ஒட்டித் தமிழகத்துச் சாலையோர மின்கம்பிகளில் தகைவிலான்கள் வரிசையாக வந்து உட்காரும். முதுகில் மினுங்கும் கருநீலம், தொண்டையில் செங்கல் நிறம், கவட்டை போலப் பிளந்த வால். அறுத்த வயலின் மேல் தாழப் பறந்து பூச்சி பிடிக்கும். சித்திரை வெயில் ஏறும்போது கம்பிகள் வெறிச்சோடிவிடும். அடுத்த ஐப்பசியில் அதே கம்பியில் அதே மாதிரிப் பறவைகள். 'வலசை போய்த் திரும்பியிருக்கின்றன' என்று இன்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். அந்தப் பதில் சரிதான். ஆனால் அதை எப்படி நிறுவுவது? இங்கே கம்பியை விட்டுப் போன தகைவிலானும், வடக்கே எங்கோ ஒரு கொட்டகை உத்திரத்தில் சேற்றுக்கூடு கட்டும் தகைவிலானும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒன்றுபோல இருப்பது வேறு, ஒன்றாகவே இருப்பது வேறு. பறவை வலசை பற்றிய அறிவியலின் வரலாறு முழுக்க இந்த ஒரு வேறுபாட்டோடு போராடிய வரலாறுதான்.

பழைய அறிஞர்கள் இந்தப் புதிருக்குச் சொன்ன விடைகளைக் கேட்டால் இன்று விசித்திரமாகத் தோன்றும். தகைவிலான்கள் குளிர்காலத்தில் பொந்துகளில் ஒடுங்கிக் கிடக்கின்றன என்றார் அரிஸ்டாட்டில். ஒருவகைப் பறவை பருவம் மாறும்போது இன்னொரு வகையாக உருமாறிவிடும் என்றும் எழுதினார். 16-ஆம் நூற்றாண்டில் சுவீடனின் ஓலாஸ் மாக்னஸ், மீனவர்கள் வலையிழுக்கும்போது தகைவிலான்கள் கொத்துக்கொத்தாக நீருக்கடியிலிருந்து வருவதாகக் குறித்தார். இவர்களை அறியாதவர்கள் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. கிளம்புமுன் தகைவிலான்கள் மாலையில் ஏரிக்கரை நாணல்களில் ஆயிரக்கணக்கில் வந்து அடையும். மறுநாள் ஒன்றும் இருக்காது. கடைசியாகப் பார்த்த இடம் நீர்க்கரை என்றால், நீருக்குள் போயிருக்கும் என்று எண்ணுவதில் ஒரு தர்க்கம் உண்டு. ஒரு பறவை மறையும் வாரத்திலேயே அதன் சாயலில் இன்னொன்று வந்து சேர்ந்தால் உருமாறியது என்று தோன்றுவதும் இயல்பே. அவர்களிடம் கவனிப்பு இருந்தது. தனிப் பறவையை அடையாளம் காட்டும் சான்று மட்டும் இல்லை.

அப்படி ஒரு சான்று 1822-ல் தானாகவே பறந்து வந்தது. வட ஜெர்மனியில் மெக்லன்பர்க் பகுதியின் குளூட்ஸ் என்ற ஊருக்கருகே சுடப்பட்ட ஒரு வெண்ணாரையின் கழுத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு நீண்ட ஈட்டி நின்றது. அந்த மரமும் வேலைப்பாடும் நடு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. கழுத்தில் தைத்த ஈட்டியோடு அந்த நாரை சகாரா பாலைவனத்தையும் மத்தியதரைக் கடலின் கரைகளையும் கடந்து கூட்டுக்குத் திரும்பியிருக்கிறது. பதப்படுத்தப்பட்ட அதன் உடல் இன்றும் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் இருந்ததும் ஜெர்மனியில் விழுந்ததும் ஒரே பறவை என்பதற்கு அந்த ஈட்டியே முத்திரை. அதன்பின் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான்: பறவையைக் காயப்படுத்தாமல் அதே மாதிரி ஒரு முத்திரையை வேண்டுமென்றே இடுவது.

அதை முறையாகச் செய்துகாட்டியவர் டென்மார்க்கின் வீபோர் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஹன்ஸ் கிறிஸ்டியன் மார்ட்டன்சன். முதலில் அவர் துத்தநாக வளையங்களை முயன்றார். பறவைக்கு அவை பாரமாக இருந்தன. 1899-ல் எண்ணும் ஊர்ப்பெயரும் பொறித்த அலுமினிய வளையங்களைச் சோளப்பறவைகளின் காலில் மாட்டினார். இந்த வேலையின் அடிப்படைச் சிக்கல், அதாவது நாம் ஏற்றும் சுமை பறவையின் வாழ்வை மாற்றிவிடக் கூடாது என்பது, முதல் வளையத்திலேயே தெரிந்துவிட்டது. இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் சாலிம் அலியின் தலைமையில் 1959-ல் பெரிய அளவில் வளையமிடத் தொடங்கியது. கோடிக்கரை அதன் முக்கிய களங்களில் ஒன்றானது. வேதாரண்யத்து உப்பளங்களிலும் சேற்றுநிலங்களிலும் வந்திறங்கும் உள்ளான்களை உயிரோடு, இறகு கலையாமல் பிடித்துத் தந்தவர்களில் பலர் பீகாரின் மீர்ஷிகார் என்னும் பாரம்பரியப் பறவை பிடிப்பவர்கள். அவர்களின் கண்ணிகளும் கைப்பழக்கமும் இல்லாமல் அந்தத் தரவுகள் இல்லை. கோடிக்கரையில் வளையம் பெற்ற பறவைகள் பின்னாளில் ரஷ்யாவில் கிடைத்தன.

ஆனாலும் வளையம் சொல்வது இரண்டே இரண்டு வாக்கியங்கள்: இன்ன நாளில் இங்கே இருந்தேன், இன்ன நாளில் அங்கே இருந்தேன். இரண்டுக்கும் நடுவில் நாம் வரைபடத்தில் இழுக்கும் கோடு நம்முடைய ஊகம். பறவை நேராகப் போனதா, சுற்றிப் போனதா, எங்கே இறங்கி இரை தேடியது என்பதற்கு வளையத்திடம் பதில் இல்லை. சிறு பறவைகளில் நூற்றுக்கு வளையமிட்டால் ஒன்றுகூட வேறோர் ஊரில் கிடைப்பதில்லை. கிடைப்பவையும் மனிதர் இருக்கும் இடத்தில்தான் கிடைக்கும். நடுக்கடலில் விழுந்த பறவையின் வளையத்தை யார் எடுத்துப் படிப்பது? ஆகவே வளையங்களின் வரைபடத்தில் பறவைகள் போகும் இடங்களோடு, வளையத்தைப் பார்த்துக் கடிதம் எழுதக்கூடிய மனிதர் வாழும் இடங்களும் கலந்தே இருக்கின்றன. எந்தக் கருவியாக இருந்தாலும் அது பறவையைப் பற்றிச் சொல்வது எவ்வளவு, தன்னைப் பற்றிச் சொல்வது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

நடுவழியை அறிய வந்த கருவிகளில் எனக்கு மிக அழகாகப்படுவது மிகவும் எளிமையான ஒன்று. அதற்குள் ஒரு கடிகாரம், ஒளியை உணரும் ஒரு சில்லு, கொஞ்சம் நினைவகம், அவ்வளவே. எப்போது விடிந்தது, எப்போது இருட்டியது என்று மட்டும் அது குறித்து வைக்கும். 'பகல்பதிவி' என்று அதை அழைக்கலாம். பொழுதை வைத்து இடத்தைச் சொல்ல முடியுமா? முடியும். ஆனி மாதத்து நீண்ட பகல் சென்னையில் ஏறக்குறைய 13 மணி நேரம், டெல்லியில் 14, இன்னும் வடக்கே போனால் இன்னும் நீளும். பகலின் நீளம் தெரிந்தால் வடக்கு தெற்காக எவ்வளவு தூரம் என்பது தெரிந்துவிடும். கிழக்கு மேற்குக்கு நண்பகல் உதவும். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. கொல்கத்தாவில் சூரியன் உச்சிக்கு வந்து அரை மணி நேரம் கழித்தே சென்னையில் வரும்; நம் நாடு முழுக்க ஒரே மணிக்கணக்கு என்பதால் அந்த வேறுபாடு கடிகாரத்திலேயே தெரியும். விடியலுக்கும் அந்திக்கும் நடுப்புள்ளி கருவியின் கடிகாரத்தில் எத்தனை மணி என்று பார்த்தால் தீர்க்கரேகை கிடைத்துவிடும். பழைய மாலுமிகள் கையாண்ட அதே கணக்கு, இப்போது பறவையின் காலில்.

இத்தகைய 1.4 கிராம் கருவிகளைக் கிரீன்லாந்தின் ஆர்க்டிக் ஆலாக்களின் காலில் கட்டி, அவை திரும்பி வந்தபோது பிடித்துப் படித்த முடிவுகள் 2010-ல் வெளிவந்தன. அண்டார்க்டிக் கடல்வரை போய்த் திரும்ப, ஒரு பறவை ஓராண்டில் சராசரியாக ஏறக்குறைய 71,000 கிலோமீட்டர் பறந்திருந்தது. வழியில் வட அட்லாண்டிக்கின் நடுவே பல நாட்கள் தங்கி இரை தேடியது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. எந்த வளையமும் இதைச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் பகல்பதிவிக்கும் குருட்டு நாட்கள் உண்டு. மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்கில் உலகெங்கும் பகலும் இரவும் சமம். அப்போது பகல் நீளம் இடத்தைக் காட்டாது. பல பறவைகள் நடுவழியில் இருப்பதும் இதே நாட்களில்தான். பறவை புதருக்குள் ஒதுங்கினால் கருவிக்குப் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். எல்லாம் சரியாக அமைந்தாலும் நூற்றைம்பது, இருநூறு கிலோமீட்டர் பிழை இருக்கும். தவிர, அதே பறவையை மறுபடி பிடித்தால்தான் கருவியிலுள்ள குறிப்பு நமக்குக் கிடைக்கும். திரும்பாத பறவைகளின் கதை திரும்பாமலே போகும்.

பறவை திரும்பாமலே தகவல் திரும்ப வேண்டுமென்றால் அதை வானத்துக்குச் சொல்ல வேண்டும். ரயில்வே கேட்டில் நின்றவர்களுக்குத் தெரியும்: நெருங்கி வரும் ரயிலின் ஊதல் கூர்மையாகக் கேட்கும், கடந்ததும் சட்டென்று தணியும். ஊதல் மாறவில்லை; ரயிலுக்கும் நமக்கும் இடையிலான நகர்வு அதை மாற்றிக் கேட்க வைக்கிறது. டாப்ளர் விளைவு என்பது இதுதான். பறவையின் கருவியைக் கேட்கும் ஆர்கோஸ் அமைப்பின் செயற்கைக்கோள்கள் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் விரைகின்றன. இங்கே ரயில் அசையாமல் நிற்கிறது, கேட்பவர் ஓடுகிறார். பறவையின் கருவி ஒரே அலைவரிசையில் துடிக்க, கோள் நெருங்கும்போது அது உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் கேட்கும். மாற்றம் எந்த நொடியில் நேர்ந்தது, எவ்வளவு சட்டென்று நேர்ந்தது என்பதிலிருந்து பறவை இருக்கும் இடத்தைக் கணிக்கிறார்கள். ஜி.பி.எஸ். இதற்கு நேர்மாறானது. அங்கே பேசுவது கோள்கள், கேட்பது கருவி. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே நொடிகளை எண்ணி இடி விழுந்த தூரத்தை மதிப்பிடுவது போல, பல கோள்களின் சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு கருவி தன் இடத்தைத் தானே அறிகிறது. துல்லியம் சில மீட்டர். ஆனால் அறிந்ததை நமக்கு அனுப்ப, வேறொரு செயற்கைக்கோளோ செல்பேசிக் கோபுரமோ தேவை.

இதன் பலனைக் காட்ட ஒரு பறவை போதும். பட்டைவால் மூக்கன் அலாஸ்காவில் முட்டையிட்டு நியூசிலாந்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் கரையோரப் பறவை. தெற்கே வரும்போது அது பசிபிக்கை ஒரே மூச்சில் கடக்கிறது என்று ராபர்ட் கில் உள்ளிட்ட ஆய்வாளர்கள் முதலில் முன்வைத்தபோது அவர்களிடம் இருந்தவை சூழ்நிலைச் சான்றுகளே. அலாஸ்காவில் கிளம்பும் பறவைகள் உடலில் பாதி கொழுப்பு என்னும் அளவுக்குக் கொழுத்திருந்தன. பறப்புக்கு உதவாத குடலும் இரைப்பையும் சுருங்கியிருந்தன. அந்தப் பருவத்தில் ஆசியக் கரையில் அவற்றைக் கூட்டமாகக் கண்டவர் இல்லை. நம்ப முடியாத தூரம் என்பதே அதற்கு எதிரான பெரிய வாதம். 2007-ல் செயற்கைக்கோள் கருவி சுமந்த ஈ7 என்ற பெண் மூக்கன் அதற்கு விடை சொன்னது: 8 நாட்களில் 11,680 கிலோமீட்டர். நடுவில் எங்கும் இறங்கவில்லை என்று எப்படிச் சொல்வது? அடுத்தடுத்த இரு இடங்களுக்கு நடுவிலுள்ள தூரத்தை நேரத்தால் வகுத்தால், பயணம் முழுக்கப் பறக்கும் வேகமே வருகிறது. ஓரிடத்தில் ஓய்ந்திருந்தால் அங்கே வேகம் விழுந்திருக்கும். வாத்தைப் போலக் கடலில் மிதந்து இளைப்பாற இதன் உடல் ஏற்றதும் அல்ல. 2022-ல் பி6 என்ற இளம் மூக்கன், பிறந்து ஐந்தே மாதத்தில், அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில் கடந்தது. அதன் முதுகிலிருந்த சூரிய மின்கருவியின் எடை 5 கிராம், ஏறக்குறைய ஓர் இரண்டு ரூபாய் நாணயம்.

அந்த நாணயத்தின் எடையில்தான் நம் தகைவிலான் சிக்கிக்கொள்கிறது. கருவியின் எடை பறவையின் எடையில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் வைத்துக்கொண்ட வரம்பு. தகைவிலானின் மொத்த எடையே 20 கிராம் அளவுதான். 3 பங்கு என்றால் 0.6 கிராம். பி6 சுமந்த கருவி அதன் முதுகில் ஏறாது. இத்தகைய சிற்றுடல்களுக்கு வேறொரு முத்திரை இருக்கிறது. நாம் இட வேண்டியதில்லை. மழையே இட்டு வைக்கிறது. நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களில் ஏறக்குறைய 6,400-க்கு ஒன்று இரு மடங்கு கனமானது. டியூட்டீரியம் என்று பெயர். ஒரே தனிமத்தின் இப்படிப்பட்ட எடை வேறுபட்ட உடன்பிறப்புகளை ஐசோடோப்பு என்றும் ஓரிடத்தான் என்றும் நம் பாடநூல்கள் சொல்கின்றன. தலைச்சுமையோடு சந்தைக்கு நடக்கும் கூட்டத்தில் பாரம் அதிகமுள்ளவர்கள் முதல் சுமைதாங்கியிலேயே இறக்கி வைப்பார்கள் அல்லவா? மேகத்திலும் அப்படித்தான். கடலிலிருந்து நிலத்துக்குள்ளும் குளிர்ந்த வடக்குக்கும் போகப் போகக் கனமான நீர் முதலில் மழையாக இறங்கிவிடும். எஞ்சிப் போய்ப் பொழிவது இலேசான மழை. அந்த மழையைச் செடி குடிக்கிறது, செடியைப் பூச்சி தின்கிறது, பூச்சியைப் பறவை தின்று இறகு வளர்க்கிறது. வளர்ந்து முடிந்த இறகு நகத்தைப் போல உயிரற்ற பொருள். பறவை எங்கே போனாலும், அந்த இறகு முளைத்த ஊரின் மழை மாறாமல் அதில் இருக்கும். வட அமெரிக்காவில் கூடுகட்டும் இடம் ஐயமறத் தெரிந்த பறவைகளின் இறகுகளை அந்தந்த இடத்து மழையோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போகின்றன என்று கனடாவின் கீத் ஹாப்சனும் லெனர்ட் வாசனாரும் 1997-ல் காட்டினார்கள். இந்த முறையில் கருவியும் வேண்டாம், பறவையை இரண்டாம் முறை பிடிக்கவும் வேண்டாம். ஓர் இறகு போதும். ஆனால் அது ஊரைச் சுட்டாது. அகன்ற ஒரு பட்டையைத்தான் சுட்டும். வெப்பமண்டலத்தில், மழை எவ்வளவு கொட்டியது என்பதே இந்த விகிதத்தை மாற்றிவிடுவதால் பட்டை இன்னும் மங்கலாகும்.

இவ்வளவு பாடுபட்டு ஒரு பறவையின் தடத்தை அறிவதைவிட, அந்தப் பணத்தில் நான்கு ஏரிகளைத் தூர்வாரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அக்கறையிலிருந்து வரும் கேள்வி அது. நேராகவே பதில் சொல்ல வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் வட கலிபோர்னியாவில் சுவெய்ன்சன் பருந்துகள் ஆண்டுக்காண்டு குறைவாகத் திரும்பின. கூடு கட்டும் இடத்தில் குறை ஏதும் தென்படவில்லை. அங்கே எத்தனை மரம் நட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது. பிரையன் வுட்பிரிட்ஜ் என்ற உயிரியலாளரும் உடன் உழைத்தவர்களும் ஒருசில பருந்துகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவிகளைப் பொருத்தினார்கள். சமிக்ஞைகள் அர்ஜென்டினாவின் லா பம்பா சமவெளிக்கு அழைத்துச் சென்றன. 1995 ஜனவரியில் அங்கே போனவர்கள் வயல்களில் கண்டது நூற்றுக்கணக்கான பருந்துப் பிணங்கள். வெட்டுக்கிளிகளைக் கொல்லத் தெளித்த மோனோகுரோட்டோபாஸ்தான் காரணம். நம் பருத்தி விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த அதே பூச்சிமருந்து. வெட்டுக்கிளிகளைத் தின்ன வந்த பருந்துகள் மருந்தையும் சேர்த்துத் தின்றன. அடுத்த பருவத்தில் மட்டும் 20,000 பருந்துகள்வரை இறந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அந்தப் பயன்பாடு நிறுத்தப்பட்டதும் கூட்டச் சாவுகள் ஓய்ந்தன. நோய் ஒரு கண்டத்தில், அறிகுறி இன்னொரு கண்டத்தில். நடுவிலிருந்த கோட்டை வரைந்து காட்டியவை விரல்விட்டு எண்ணக்கூடிய பருந்துகள்.

மூக்கன்கள் வடக்கே திரும்பும்போது மஞ்சள் கடலின் சேற்றுக்கரைகளில் இறங்கி உடலை மீட்டுக்கொள்கின்றன என்பதும் இப்படித்தான் உறுதியானது. ஈ7-ம் சீன, வட கொரிய எல்லையிலுள்ள யாலு ஆற்றுமுகத்தில் இறங்கியது. அந்தக் கடலின் சேற்றுக்கரைகளில் பாதிக்கும் மேல் 50 ஆண்டுகளில் அழிந்துவிட்டன. எஞ்சியவற்றில் ஒரு பகுதியை 2019-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சொத்தாக ஏற்றது. நியூசிலாந்தின் கரைகளை எவ்வளவு பேணினாலும் இந்த இடைவழிச் சத்திரம் இடிந்தால் பறவை வீடு சேராது. ஏரியைத் தூர்வார வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. எந்த ஏரி, எந்தச் சேற்றுநிலம் என்று தெரியாமல் செலவிட்டால், சங்கிலியின் உறுதியான கண்ணிக்கே மேலும் பூண் கட்டிக்கொண்டிருப்போம்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது: கருவி சுமக்கும் பறவை இயல்பான பறவைதானா? இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது, ஏனென்றால் சில சமயம் அது உண்மை. அரச பெங்குவின்களின் துடுப்பில் மாட்டிய உலோகப் பட்டைகளைப் பத்தாண்டுகள் தொடர்ந்து சோதித்த பிரெஞ்சு ஆய்வு 2011-ல் வெளியானது. பட்டை சுமந்தவை, சுமக்காதவற்றைவிட 39 விழுக்காடு குறைவான குஞ்சுகளே வளர்த்தன; அவை பிழைத்திருக்கும் விகிதமும் குறைந்தது. நீந்தும்போது பட்டை நீரை இழுத்துப்பிடித்ததே காரணம். தட்பவெப்ப மாற்றத்தின் விளைவு என்று நாம் எண்ணிய ஏதோ ஒன்றில் பட்டையின் விளைவும் கலந்திருக்கலாம் என்ற சங்கடமான உண்மையை அது உணர்த்தியது. இதைக் கண்டுபிடித்தவர்கள் வலசை அறிவியலின் எதிரிகள் அல்லர். அதே துறையினர், தோலுக்கடியில் வைத்த சிறு மின்குறியோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள். கருவியைக் கருவியால் சோதிக்க முடிகிறது. ஈ7-ன் உடலுக்குள் அறுவைசிகிச்சை செய்து வைத்த கருவியும், பி6 முதுகில் சுமந்த 5 கிராம் கருவியும் வேறு வேறு விதத்தில் பறவையைத் தொந்தரவு செய்பவை. அப்படியும் இரண்டும் ஒரே கதையைச் சொன்னால், அந்தக் கதை கருவியால் வந்ததல்ல என்று நம்ப இடமிருக்கிறது. ஒரு சாட்சியைவிட, தொடர்பில்லாத இரண்டு சாட்சிகளின் ஒத்த வாக்குமூலத்துக்கு மதிப்பு அதிகம்.

இதனால்தான் புதிய கருவி வந்ததும் பழையதைத் தூக்கி எறிய முடியவில்லை. செயற்கைக்கோள் கருவி விலை கூடியது. பத்துப் பதினைந்து பறவைகளுக்குத்தான் கிடைக்கும், அவையும் உடல் பெரியவை. விண்வெளி நிலையத்தில் ஒரு பெரிய ஆன்டெனாவைப் பொருத்திச் சின்ன விலங்குகளைத் தொடர முயன்ற இக்காரஸ் திட்டம், ஜெர்மனியும் ரஷ்யாவும் சேர்ந்து நடத்தியது. உக்ரைன் போர் மூண்டதும் 2022 மார்ச்சில் நின்றுபோனது. பறவைகள் பறந்துகொண்டிருந்தன, கேட்கும் காது அணைந்துவிட்டது. கனடாவில் தொடங்கிய மோட்டஸ் என்ற ஏற்பாட்டில் பறவையில் பொருத்தும் சில மின்குறிகள் 0.2 கிராம், ஏறக்குறைய பத்து அரிசிமணி எடை. ஆனால் தரையில் ஏற்புக் கோபுரம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பறவை வந்தால்தான் அது கேட்கும். வளையத்துக்கு மின்கலம் வேண்டாம், கோபுரம் வேண்டாம், ஒப்பந்தம் வேண்டாம். ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு மாட்டலாம், பறவை வாழும் காலமெல்லாம் கூடவே இருக்கும். ஒரு பறவை எத்தனை ஆண்டு வாழ்கிறது, அதே உப்பளத்துக்கு மறுபடி வருகிறதா என்ற கேள்விகளுக்கு வளையத்தைப் போலப் பதில் சொல்லும் கருவி குறைவு.

ஐப்பசிக் கம்பியில் உட்காரும் தகைவிலானின் காலில் அப்படி ஒரு வளையம் இருந்தாலும் கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. கால் அவ்வளவு மெல்லியது. வளையம் சில மில்லிமீட்டர் அகலம். பறவை கையில் வந்தால்தான் எழுத்து தெரியும்: ஒரு வரிசை எண், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லும் ஒரு குறிப்பு. வேறு நாட்டு வளையமென்றால் அந்த நாட்டு நிலையத்தின் பெயர் இருக்கும். எண்ணையும் நாளையும் ஊரையும் எழுதி, பறவை உயிரோடிருந்தால் வளையத்தோடு அப்படியே பறக்கவிட்டுத் தகவலை அனுப்பினால், அந்த எண்ணை எந்த நாளில் யார் மாட்டினார்கள் என்று பதிவேட்டைப் பார்த்துப் பதில் வரும்.